ஆலங்கிணற்றில் புரையேறிய வருஷம்

தவசிமுத்து சாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புரோட்டாக் கடை வைத்திருக்கும் அய்யம்பெருமாளுக்குப் புரையேறியது. சால்னாவில் உப்புப் பார்ப்பதற்காக உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினான், அவ்வளவுதான். கண்ணில் நீர் முட்ட, கல்லில் கிடந்த புரோட்டா கருகக் கருக, கால் மணி நேரம் இருமினான். தலையில் தட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நாக்கில் சீனி வைத்தார்கள். எங்கள் ஊரில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். நினைக்கிறவர் பேரைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்பது வழக்கம். ஆகவே கடையில் இருந்தவர்கள் தெரிந்த பேரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் தம்பி பேர், மாமியார் பேர், ஒரு காலத்தில் அவன் சைக்கிளில் பின்னாலேயே சுற்றிய தபால் ஆபீஸ்காரர் மகள் பேர்.

"அந்தப் பேரு இப்ப எதுக்கு?" என்றாள் கல்லாவில் இருந்த அவன் மனைவி.

"அண்ணனுக்கு உசுரு முக்கியமா, பேரு முக்கியமா மதினி?" என்றான் மேசை துடைக்கிறவன்.

எந்தப் பேருக்கும் நிற்கவில்லை. கடைசியில் மூச்சுக்கு வழியில்லாமல் எழுந்து நின்ற அய்யம்பெருமாள், ஏன் என்று தனக்கே தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றான். நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ஆவுடையப்பனுக்கு, ஆமவடையில். மறுநாள் காலை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஈஸ்வரனுக்கு, பொங்கலில். அவன் அங்கிருந்து அய்யம்பெருமாளுக்குப் போன் போட்டான்.

"ஏல, காலையில ஒரு கூத்து. புரையேறி உசுரு போவப் பாத்துட்டு. என்ன சொன்னா நின்னுச்சுன்னு சொன்னா நீ சிரிப்ப."

"உள்ளேன் ஐயா."

ஈஸ்வரன் மெதுவாகக் கேட்டான்: "உனக்குமால?"

அன்றைக்கே அய்யம்பெருமாளும் ஆவுடையப்பனும் என் கடைக்கு வந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பழைய பேப்பர் கடை வைத்து, எடைக்கு வந்த பாடப்புத்தகங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன். பேர் பேச்சிமுத்து. "பேருலதான் அண்ணாச்சி உங்களுக்குப் பேச்சு" என்பார் சார். அது உண்மைதான். பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல், என் மனைவி இசக்கியம்மாள் உயிரோடு இருந்தவரை வீட்டுக்குள்ளிருந்து மணிக்கொரு தரம், "ஏய்யா, இருக்கியளா?" என்று குரல் கொடுத்துப் பார்ப்பாள். அவள் போய் ஒன்பது வருஷம். அதற்குப் பிறகு நான் இருக்கிறேனா என்று தினமும் வந்து பார்த்தவர் தவசிமுத்து சார் ஒருவர்தான். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கட்டுகளுக்கு மேலே அவருடைய வழுக்கைத் தலை சூரியன் மாதிரி உதிக்கும்.

அவர்கள் ஏன் என் கடைக்கு வந்தார்கள் என்றால், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்த ஒரு வருஷம் ஏழாம் வகுப்பின் பழைய வருகைப் பதிவேடுகள் எடைக்கு வந்தபோது, பொட்டலம் மடிக்கக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் நான் எடுத்து வைத்திருந்தது ஊருக்கே தெரியும். முப்பத்து மூன்று வருஷமும் சார் ஏழாம் வகுப்புக்குத்தான் வாத்தியார். அவர் வருகைப் பதிவு எடுக்க அரை மணி நேரம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு பேருக்கும் ஒரு விசாரணை உண்டு, ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு சிரிப்பு உண்டு, பக்கத்து வகுப்பு வாத்தியார்கள் வந்து சத்தம் போடும்வரை அது நடக்கும். அந்த விசாரணைகளைப் பதிவேட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருப்பார். 'ஆடு ஈன்றது, இரட்டை.' 'அம்மாவுக்குக் காய்ச்சல், நாளையும் வரமாட்டான், திட்டக்கூடாது.' 'இன்று சிரித்தாள்.' அப்படி ஓரம் எழுதிய தாளில் கடலை மடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் வருஷத்துப் பதிவேட்டைப் பிரித்தோம். முதல் பேர் அய்யம்பெருமாள். இரண்டாவது ஆவுடையப்பன். மூன்றாவது ஈஸ்வரன்.

ஆவுடையப்பன் நான்காவது பேரின் மேல் விரலை வைத்தான். "உலகநாதன். கோர்ட்டுல டவாலியா இருக்கான். இன்னேரம் சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சிருப்பான்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உலகநாதன் கோர்ட்டு வேப்பமரத்தடியில் தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட மாட்டேன் என்றான். சாப்பிடு என்றார்கள். இரண்டு வக்கீல்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது வாயில் அவனுக்குப் புரையேறியது, கூடி நின்ற அத்தனை பேரும், "சொல்லுல! சொல்லுல!" என்று கத்தினார்கள், அவன் தோளில் போட்ட சிவப்பு டவாலிப் பட்டையோடு எழுந்து, தயிர்க்கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். நின்றது. உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "நான் சாரோட சாவுக்குக்கூட வரலியே, கேஸு இருந்துச்சு, வரலியே" என்று அழுதான். "அதெல்லாம் பாக்காமத்தான கூப்பிட்டிருக்காவ" என்று அய்யம்பெருமாள் அவன் முதுகைத் தடவினான்.

சார் எங்கேயோ உட்கார்ந்து முதலிலிருந்து பேர் கூப்பிடுகிறார், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒருவர் வீதம், என்று ஊருக்கு அப்படித்தான் விளங்கியது. ஏன், எப்படி என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை, ஏற்பாடு செய்யவே நேரம் சரியாக இருந்தது. தினமும் காலையில் நான் என் கடைக் கதவில் மூன்று பேர் எழுதி ஒட்டினேன். முறை வருகிற பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். முறை வருகிறவனை யாரும் தனியாகச் சாப்பிட விடவில்லை, பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு முறை வந்தபோது, மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று அவள் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்காரர்கள், முதலில் பயந்தார்கள், விஷயத்தைச் சொன்னதும் சம்பந்தியம்மா சொன்னாள்: "எங்க ஊரு வாத்தியாருங்க எல்லாம் செத்தா செத்ததுதான். நீங்க குடுத்து வச்சவங்க." ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் அப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள், தங்கள் முறை கடைசியில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இறந்துபோனவர்கள் பேர்களும் பதிவேட்டில் இருந்தன. அவர்கள் முறை வருகிற வேளையில் ஊரில் யாருக்கும் புரையேறாது. பக்கத்தில் இருக்கிறவர்களை எதற்கு நினைக்க வேண்டும் என்று அந்த வீட்டார் சமாதானம் அடைந்தார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டே போன கொம்பையாவின் முறை வந்த அன்று, அவன் அம்மா காலையிலிருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த வேளை ஊரில் யாருக்கும் புரையேறவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் போன் அடித்தது. "அம்மா, நான் கொம்பையா பேசுதேன். சூரத்துல இருக்கேன். மத்தியானம் சப்பாத்தி திங்கும்போது… நம்ம சார் நல்லா இருக்காவளாம்மா?" என்றான்.

சீனியம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஆகஸ்ட் மாதத்தோடு படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். அவள் பேர் மேல் சிவப்பு மையில் கோடு அடித்திருந்தது. கோடு அடித்த பேரைக் கதவில் எழுதலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம், எழுதாமல் விட்டுவிட்டேன். அது நான் செய்த தப்பு. மறுநாள் சீனியம்மாள் என் கடை முன்னால் வந்து நின்றாள், நாற்பது வயசு, விரலெல்லாம் மருந்துக் கறை. "அண்ணாச்சி, என் பேர எழுதாம விட்டுட்டியளே. எனக்கும் வந்துச்சு. ஆபீசுல அம்பது பொம்பளைய முன்னால எந்திரிச்சுச் சொன்னேன்." அவள் கோபமாகச் சொல்ல நினைத்து வந்திருந்தாள், ஆனால் முகம் பொங்கல் பானை மாதிரி இருந்தது. நான் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். கோட்டுக்குப் பக்கத்தில் சார் எழுதியிருந்தார்: 'கணக்கில் கெட்டிக்காரி. கோடு என்னுடையது அல்ல, ஆபீசுடையது.' அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை. படித்துக் காட்டச் சொன்னாள், இரண்டு தடவை.

இப்படி ஊரே மாறி மாறி இருமிக்கொண்டும் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டும் இருக்க, ஒரு வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அது சாருடைய வீடு. அவர் மனைவி சண்முகக்கனி அங்கே தனியாக இருந்தாள். மகள் பூரணி கோயம்புத்தூரில் நர்ஸ். பூரணியும் அப்பாவிடம் ஏழாம் வகுப்பு படித்தவள்தான். வகுப்பில் அவளும் ஐயா என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம், வீட்டுக்கு வந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இப்பச் சொல்லு அப்பான்னு" என்று தெருவெல்லாம் சுற்றுவதும் அவர்தான். அவளுக்கும் அவள் வரிசையில், ஆஸ்பத்திரி கேன்டீனில், வந்துவிட்டது. சண்முகக்கனி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவள் மூன்று வேளையும் வாசலைப் பார்த்துத் தட்டு வைத்து, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைத்து, உட்கார்ந்தாள். மெதுவாக ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். ஒன்றும் ஏறவில்லை. பாதித் தட்டில் கை கழுவினாள். தினமும் பத்து மணிவாக்கில் என் கடைக்கு வருவாள்.

"இன்னைக்கு யாரு அண்ணாச்சி?"

"மத்தியானம் மாடசாமி, தங்கச்சி. கரண்டு ஆபீசுல இருக்கான்லா."

"கொழுக்கட்டைய ஒரு பானை தின்னுட்டு மூணு நாளு வயித்தால போனானே, அவனா? எங்க வீட்டுலதான் தின்னான்." அவளுக்கு அத்தனை பேரையும் தெரியும், அத்தனை பேரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள். சார் யாரைப் பார்த்தாலும் சாப்பிட வா என்று கூப்பிட்டுவிடுவார், வீட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கதவில் ஒட்டியிருந்த பேர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அப்ப நான் வாரேன்" என்று போய்விடுவாள்.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. பொறுக்காமல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அடுத்த வீட்டுத் தாயம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள், ஒரு கிண்ணம் பொரிமாவைக் கொண்டுபோய், "கனியக்கா, ஒரு வாய் அள்ளிப் போட்டுட்டு ஒங்க மகளப் பத்திச் சொல்லுங்களேன்" என்றாள். மறுநாள் ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் தெளிக்காத புட்டு. அதற்கு அடுத்த நாள் பொட்டுக்கடலை மாவு. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தது: பொரிவிளங்காய் உருண்டை, உலர்ந்த ரொட்டி, மிளகாய்ப்பொடி தூக்கலாகப் போட்ட இட்லி. அய்யம்பெருமாள் தன் கடையிலேயே காரமான சால்னாவை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஊரில் ஒருத்தரும் ஒருத்தரிடம் சொல்லிக்கொள்ளாமல் செய்த காரியம் இது, ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே யோசனை.

சண்முகக்கனி எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். பத்தாம் நாள் தாயம்மாள் மறுபடி மாவோடு வந்தபோது சொன்னாள்: "ஏட்டி, ஊரே சேந்து என்னக் கொல்லப் பாக்கியளா? அவியளா வரணும்டி. நீங்க மாவு வச்சு வரவழைக்கப்பிடாது."

தாயம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சண்முகக்கனிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் ஒரு நாள் வந்து ஆறுதல் சொன்னார். "மறந்தவங்களத்தானம்மா நினைக்கணும். உங்கள அவர் மறந்தாத்தான நினைக்கிறதுக்கு?"

"டீச்சர், அது சினிமாவுல சொன்னா நல்லாருக்கும். நான் தட்டு முன்னாடில்லா உக்காந்திருக்கேன்" என்றாள் சண்முகக்கனி.

அதற்கு அடுத்த நாள் அவள் என் கடைக்கு வந்தபோது பேர் கேட்கவில்லை. பேப்பர்க் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். நான் பேசாதவன் என்பதால் என்னிடம் சொன்னாளோ என்னவோ.

"அன்னைக்குக் காலையில, சனிக்கிழமை பத்துப் பிள்ளைய சாப்பிட வருதுன்னு சொன்னாவ அண்ணாச்சி. அரிசி இல்ல, எண்ணெய் இல்ல, எனக்குக் கோவம். நான் அடுப்பப் பாத்து நின்னுக்கிட்டேன். சைக்கிள எடுத்துட்டு, 'கனி, போய்ட்டு வாரேன்'னாவ. நான் பேசல. மறுபடியும் 'கனி'ன்னாவ, கிழவன் மாதிரிக் குரல மாத்திக்கிட்டு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, ஆனாலும் திரும்பல. மூணாந்தடவை பள்ளிக்கூடத்துல கூப்பிடுத மாதிரி, 'சண்முகக்கனி!'ன்னாவ. நான் வாயத் தொறக்கல. 'சரி, இன்னைக்கு ஆப்சென்ட் போட்டுக்கிடுதேன்'னு சிரிச்சுக்கிட்டே போனாவ."

நான் கையில் இருந்த சணலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"பதினோரு மணிக்குக் கொண்டாந்து போட்டாவ. மண்டையில சாக்பீஸ் கோடு."

அந்தக் கோட்டைப் பற்றி ஊருக்குத் தெரியும். பூமியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது பள்ளிக்கூடத்து உலக உருண்டை உடைந்துபோனதால், சார் தன் வழுக்கைத் தலையில் சாக்பீஸால் பூமத்திய ரேகை போட்டுக்கொண்டு, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பகலையும் இரவையும் காட்டுவார். அழிக்க மறந்து அப்படியே வீட்டுக்குப் போவார். சாயங்காலம் பூமத்திய ரேகையை அழிப்பது சண்முகக்கனியின் வேலை. அன்றைக்கு மூன்றாவது சுற்றில் விழுந்தார்.

"முந்தானையால தொடச்சேன். ஆப்சென்ட் போட்டுட்டுப் போய்ட்டாவ அண்ணாச்சி. ஆப்சென்ட் போட்ட பேர எதுக்குக் கூப்பிடுவாவ?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று கண்ணால் பார்த்து வைத்திருந்தேன், அதைச் சொன்னேன். "தங்கச்சி, இந்த ஊருல எத்தன விசேஷத்துல சாம்பார் வாளி தூக்கியிருக்காரு அவரு. உங்க வீட்டு விசேஷத்துலயும் சரி, அடுத்தவன் வீட்டு விசேஷத்துலயும் சரி, என்னைக்காவது முதப் பந்தியில உக்காந்திருக்காரா? உங்கள உக்கார விட்டிருக்காரா?"

அவள் யோசித்தாள். "இல்ல. ஊரு சாப்பிட்ட பொறவு, வீட்டு ஆளு கடைசிப் பந்தின்னுவாவ. பசி உசுரு போகும்."

"அதான் சொல்லுதேன். இன்னும் பந்தி முடியல."

"பேசாத மனுசன் பேசுதியளே" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தட்டில் மிச்சம் வைப்பது குறைந்தது என்று தாயம்மாள் சொன்னாள்.

பதிவேடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. என்னிடம் இருந்தவை தீர்ந்து, மிச்சத்தை எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூட பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். கடைசியில் சாரிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளின் முறையும் வந்தது, சத்துணவு வரிசையில் தட்டோடு எழுந்து எழுந்து நின்று அவர்கள் பதில் சொன்னார்கள். தலைத்திவசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசிப் பேரும் முடிந்தது. கதவில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் எஸ்தர் டீச்சருக்கு வந்தது, மணி அடிக்கிற வேலுவுக்கு வந்தது, இல்லாத முடியை மாதாமாதம் வெட்டிவிட்ட சலூன்காரர் நம்பிராஜனுக்கு வந்தது, அவர்களும் படித்தவர்கள் மாதிரியே சொல்லிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவும் நின்றது. மூன்று நாள், ஒன்பது வேளை, ஆலங்கிணற்றில் யாருக்கும் புரையேறவில்லை. தொண்டையில் எதுவும் இல்லாமல் சோறு இறங்குவது எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. "முடிஞ்சு போச்சு போலுக்கு" என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். சண்முகக்கனி இருக்கும் தெருவில் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

தலைத்திவசத்தன்று சார் வீட்டு முன்னால் பந்தல் போட்டு ஊர் முழுக்கச் சாப்பிட்டது. அவரிடம் படித்தவர்கள்தான் சமைத்தார்கள், அவரிடம் படித்தவர்கள்தான் இலை போட்டார்கள். சண்முகக்கனி உட்காரவில்லை. கூட்டுவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தி பந்தியாக அவளே பரிமாறினாள், சூரத்திலிருந்து வந்திருந்த கொம்பையாவின் இலையில் இரண்டு கரண்டி சேர்த்து வைத்தாள், சீனியம்மாளை, "கணக்குல கெட்டிக்காரி, எத்தன அப்பளம்னு எண்ணிச் சொல்லு" என்று சீண்டினாள். எட்டுப் பந்தி. ஒன்பதாவது பந்தியில் மிஞ்சியது அவளும் பூரணியும், நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நானும்தான். சாப்பிட்டு முடித்த யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் பந்தலின் ஓரங்களில் சும்மா நிற்பது மாதிரி நின்றார்கள். அய்யம்பெருமாள் சாம்பார் ஊற்றினான். சண்முகக்கனியையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் என் இலையில் பாதி சிந்தியது.

இரண்டாவது வாயில் எனக்குப் புரையேறியது.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவன் நான், ஒரு நாளும் வகுப்பில் உட்காராதவன். எழுபத்தொரு வயதில் எழுந்து, சோற்றுக் கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன். நின்றது. பந்தல் முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. உட்கார்ந்து அடுத்த வாய் எடுத்தேன், மறுபடி ஏறியது. மறுபடியும் எழுந்து சொன்னேன், நிற்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், நிற்கவில்லை. கண்ணில் நீர் கோத்து ஒன்றும் தெரியாமல் தடுமாறினேன், அப்போதுதான் இந்த இருமலில் சாருடைய சேட்டை எதுவும் இல்லை என்பதும், இது பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் என்னைத் தேடுகிற மாதிரி விட்டு விட்டு வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது. கையைக் கட்டவில்லை. தலையைக் குனிந்து, "இருக்கேன் தாயி, இங்கனதான் இருக்கேன்" என்றேன்.

நின்றது. ஒன்பது வருஷத்தில் இசக்கியம்மாளிடம் நான் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

சண்முகக்கனி வாயில் சோற்றோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "அங்க போயும் உங்கப்பாவுக்கு வாய் சும்மா இருக்கல பாத்தியா," என்று பூரணியிடம் திரும்பினாள், "இசக்கி மதினியத் தேடிப் பிடிச்சு, உங்க வீட்டுக்காரரு இன்னும் பேப்பருக்குப் பின்னாடிதான் கெடக்காருன்னு சொல்லிட்டாவ போலுக்கே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அவளுக்குப் புரையேறியது.

சிரித்ததால் ஏறியதா, கூப்பிட்டதால் ஏறியதா என்று பின்னால் வெளியூர்க்காரர்கள் சிலர் கேட்டார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

தாயம்மாள் தலையில் தட்ட ஓடி வந்தாள், சண்முகக்கனி கையை நீட்டித் தடுத்தாள். பூரணி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள், அதையும் ஒதுக்கினாள். கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க, அவள் இருமிக்கொண்டிருந்தாள், ஒரு விரலை மட்டும் உயர்த்தி, இருங்கள் என்று சொல்வது மாதிரி வைத்திருந்தாள். சின்னப் பிள்ளை ஒன்று அவளுக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்து, "உள்ளேன் ஐயான்னு சொல்லுங்க ஆச்சி" என்றது. அதன் வாயை அதன் அம்மா பொத்தினாள். முப்பத்து மூன்று வருஷம் ஒரு நாளும் சத்தம் இல்லாமல் இருந்தறியாத வகுப்பு அது. அன்றைக்கு அத்தனை வருஷத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தலில் நின்று, ஒரு சத்தம் இல்லை.

முதல் இருமல் அடங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வந்தது, அதில் அவளுக்குச் சிரிப்பும் சேர்ந்து வந்தது, கிழவன் குரல் அவள் காதில் கேட்டிருக்க வேண்டும். அதுவும் அடங்கியது. மூன்றாவது வந்தபோது அவள் இலைக்கு முன்னால் கையை ஊன்றி எழுந்து, அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்புவது மாதிரி, வீட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"இருக்கேங்க," என்றாள். "இங்கதான் நிக்கேன். போய்ட்டு வாங்க."

நின்றது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு அய்யம்பெருமாளைப் பார்த்து, "என்னல மரம் மாதிரி நிக்க? ரசத்தக் கொண்டா. பசிக்கி" என்றாள்.